முதல் பாட்டிலேயே முள்ளிவாய்க்கால் வேண்டுமா?

எங்கட நிகழ்ச்சிகளில் ஒரு பிள்ளை கிற்றாரோடு மேடை ஏறினால் இரண்டு கேள்விகள் வரும். "ஏன் வெள்ளைக்காரன்ர பாட்டு?" அடுத்தது, "எங்கட வலியைப் பற்றி ஒண்டும் இல்லையோ?" இரண்டுமே பிழையான கேள்விகள்.

றஷ் இசைக்குழுவை எடுங்கள். பாடகர் கெடி லீ இதே ரொறொன்ரோவின் வில்லோடேலில் வளர்ந்தவர். பெற்றோர் நாசி வதைமுகாம்களில் உயிர் தப்பிய போலந்து யூதர்கள். அவருடைய பெயர் கேரி. அம்மாவின் உச்சரிப்பில் அது 'கெடி' என்று கேட்டது, அதுவே மேடைப் பெயராகி விட்டது. கிற்றார் வாசித்த அலெக்ஸ் லைஃப்சன் சேர்பியக் குடியேறிகளின் மகன். எங்களைப் போன்ற இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள்தான்.

1974இல் வந்த முதல் அல்பத்தின் பாட்டை வானொலியில் கேட்ட சிலர், அது லெட் செப்பெலின் என்றே நினைத்தார்கள். பிறகு நீல் பியர்ட் டிரம்ஸ் வாசிக்க வந்து, பாடல் வரிகளையும் எழுதத் தொடங்கினார். 1975 பெப்ரவரியில் இரண்டாவது அல்பம், 'ஃப்ளை பை நைட்'. அதில் என்ன இருந்தது? எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டொன்றில் பைட்டோருக்கும் பனிநாய்க்கும் சண்டை. டோல்கீனின் கதையில் வரும் ஊரைப் பற்றி இன்னொரு பாட்டு. வதைமுகாம் பற்றி ஒன்றுமே இல்லை.

அது வந்தது 1984இல், பத்தாவது அல்பத்தில். 'ரெட் செக்டர் ஏ' என்ற அந்தப் பாட்டுக்குக் கெடியின் அம்மா சொன்ன முகாம் நினைவுகளே தூண்டுதல். வரிகளை எழுதியவர் பியர்ட். நண்பனின் குடும்பக் கதையை அவர் எழுதுவதற்கு முன்னால், கிட்டத்தட்ட பத்து வருடம் சேர்ந்து வாசித்திருந்தார்கள்.

"அவங்கள் வெள்ளைத்தோல், பேரை மாத்தினால் காணும்" என்பீர்கள். உண்மைதான், எங்களுக்கு அந்த வசதி இல்லை. வெளியில் எங்களை ஏற்கெனவே அகதிக் கதைக்குள் மட்டும்தான் பார்க்கிறார்கள். வீட்டிலும் அதையே கேட்டால், பிள்ளை வேறு எங்கே போய்ப் பாடும்?

அம்மாவின் கதையை மறக்கச் சொல்லவில்லை. கேளுங்கள், வைத்திருங்கள். ஆனால் யாரோ மேடையில் கேட்டார்கள் என்பதற்காக, இன்னும் உங்களுக்கே விளங்காத ஒரு துக்கத்தை அவசரமாகப் பாட்டாக்காதீர்கள். அது அந்தத் துக்கத்துக்கும் மரியாதை இல்லை. இப்போதைக்கு உங்கள் பனிநாயைப் பாடுங்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர்களே, அதற்கும் பத்து நிமிடம் கொடுங்கள்.