செல்லார்கோவில் படத்துக்கு எந்த முத்திரை?

செயற்கையாக உருவாக்கிய படங்களுக்கு முத்திரை கேட்கும் தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தம் 2026 பிப்ரவரி 20 முதல் அமலில் இருக்கிறது. நிலக்காட்சியை ஓவியச் சாயலில் செய்பவர்கள் நம்மிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: நம் படங்களிலும் ‘செயற்கை உருவாக்கம்’ என்று முத்திரை விழுமா?

விழ வேண்டியதில்லை. நிறச் சீரமைப்பு, நாய்ஸ் குறைப்பு போன்ற வழக்கமான, நல்லெண்ணத் திருத்தங்கள் படத்தின் பொருளைத் திரிக்காதவரை அவற்றுக்கு விலக்கு உண்டு. படப்பரப்பில் 10 சதவீதத்தை முத்திரைக்கே ஒதுக்கச் சொன்ன 2025 அக்டோபர் வரைவின் நிபந்தனையும் போய்விட்டது. கிளாரிட்டியை மைனஸில் இறக்குங்கள், டீஹேஸை இடப்பக்கம் தள்ளிப் பனியைக் கூட்டுங்கள், ஐசிஎம் (கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுப்பது) செய்யுங்கள். மைக்கேல் ஆர்ட்டன் இரண்டு ஸ்லைடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் செய்ததும், அதற்கு வெகுகாலம் முன்பே ப்ரோமாயில் அச்சுக்காரர்கள் தூரிகை பிடித்துச் செய்ததும் இந்த வேலைதான்.

நடைமுறைச் சிக்கல் தளங்களில் இருக்கிறது. 2024இல் மெட்டா, மெட்டாடேட்டாவை நம்பி, சிறு ரீடச் செய்த அசல் படங்களுக்கும் ‘மேட் வித் ஏஐ’ என்று ஒட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் ஜூலையில் ‘ஏஐ இன்ஃபோ’ என்று மாற்றிக்கொண்டது. இப்போது இது செயற்கைப் படமா என்று பயனர் தரும் உறுதிமொழியைச் சரிபார்க்கும் பொறுப்பு பெரிய தளங்களின் தலையில் விழுந்திருப்பதால், சந்தேகம் வந்தால் ஒட்டிவிடுவதே அவர்களுக்குப் பாதுகாப்பு. ஆகவே அசலை நிரூபிக்க ரா கோப்பையும் லேயர் கோப்பையும் அழிக்காதீர்கள்.

நம் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. விதியின் வரையறை தனிமனிதரையும் நிகழ்வையும் பேசுகிறது. நிலத்தைப் பேசவில்லை.

இடுக்கி மாவட்டம் சக்குபள்ளம் பஞ்சாயத்தில், செல்லார்கோவில் விளிம்பில் நிற்கிறோம். பின்னால் ஏலத்தோட்டம், கீழே கம்பம் பள்ளத்தாக்கின் வயலும் திராட்சைப் பந்தலும். தென்மேற்குப் பருவத்தில் இங்கே ஏறி வரும் மஞ்சு, தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கும்போதே கரைந்துபோகும். ஒருவர் அந்த மஞ்சை இன்னும் மெத்தென்று ஆக்குகிறார், நிழல்களில் நீலம் ஏற்றுகிறார். இன்னொருவர் ஜெனரேட்டிவ் ஃபில்லில் மின்கம்பியை எடுக்கிறார், சாலைக்காக வெட்டிய செம்மண் சரிவை மரங்களால் மூடுகிறார், புதிதாக எழும்பிய கட்டடத்தை அழிக்கிறார். ஏஐ டீநாய்ஸ் தொட்டிருந்தால் போதும், முதல் படத்துக்குத் தளத்தின் முத்திரை விழலாம். இரண்டாவதில் ஆளும் இல்லை, நிகழ்வும் இல்லை. விதி தன்னைத் தொடாது என்று அவர் வாதிடலாம்.

இது இடுக்கியில் சின்ன விஷயமா? மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு பற்றி 2011இல் காட்கில் குழு அறிக்கை, 2013இல் கஸ்தூரிரங்கன் குழு அறிக்கை என்று இந்த மலையில் எதை வெட்டலாம், எங்கே கட்டலாம் என்பதில் ஊரே இரண்டுபட்டு நின்றது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர். ஒரு சரிவு இடிவதற்கு முன் எப்படி இருந்தது என்று நாளை யாராவது தேடினால், அவர் கையில் முதலில் சிக்குவது நம் படங்கள். அவற்றில் வெட்டே இல்லையென்றால் என்ன செய்வார்?

அழிக்கச் சொல்பவர் யார் என்பதையும் சொல்லிவிடுவோம். நாட்காட்டிக்கும் சுற்றுலாப் பதாகைக்கும் படம் கேட்கும் அரசு அலுவலகங்கள், “கம்பி வேண்டாம், கட்டடம் வேண்டாம், பச்சையாக இருக்கட்டும்” என்கின்றன. அச்சாகும்போது திருத்தப்பட்ட படம் என்று ஒரு வரிகூடப் போடுவதில்லை. நம்மிடம் உறுதிமொழி கேட்கும் அரசு, தன் பதாகைகளில் இல்லாத காட்டை வளர்க்கிறது. பல ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறோம்; கேட்பாரில்லை.

அடுத்த இதழிலிருந்து ஓவியச் சாயல் பிரிவுக்கு வரும் படத்தோடு ரா கோப்பும் வர வேண்டும். நிறம், ஒளி, மென்மை, அசைவு உங்கள் விருப்பம். எதை எடுத்தீர்கள், எதைச் சேர்த்தீர்கள் என்பதைப் படக்குறிப்பில் எழுதுங்கள். ஒற்றை மின்கம்பம் என்றாலும் எழுதுங்கள். எழுதாத படம் அச்சேறாது. விதியை எழுதிய அமைச்சகம் வரையறையில் நிலத்தையும் சேர்க்க வேண்டும். அந்த விதி அரசு வெளியிடும் படங்களுக்கும் பொருந்த வேண்டும்.