மட்டையில் ஒட்டாத இறப்பர்



சென்ற மாரிகாலத்தில், ஒரு திங்கட்கிழமை மாலை, ஹோர்சன்ஸ் நகரில் எமது அடுக்குமாடியிலேயே வசிக்கும் அன்பர் ஒருவர் ஒரு மேசைப்பந்து மட்டையைக் கையிலே பிடித்தபடி என் வீட்டுக் கதவைத் தட்டினார். மட்டையின் சிவப்புப் பக்கத்தில், நடுவே ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. ஓரம் கழன்று காதுபோலத் தொங்கியது.

மட்டை அவருடைய மகளின் மகனுக்கு உரியது. பதினொரு வயதுப் பையன். சனிக்கிழமை அவனுக்குச் சுற்றுப்போட்டி இருந்தது. வெள்ளி இரவு புதிய இறப்பரை ஒட்டித் தரும்படி அம்மப்பாவிடம் கேட்டிருக்கிறான். ஊரில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போட்டுப் பழகிய கை அல்லவா? அன்பர் நிலவறையிலிருந்த சைக்கிள் பெட்டியைத் திறந்து, சொலூசனை எடுத்துத் தாராளமாகப் பூசி ஒட்டிவிட்டார். குளிருக்காக யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. அன்றிரவு மனைவிக்குத் தலையிடி. மறுநாள் முதலாவது ஆட்டத்திலேயே இறப்பர் எழும்பிவிட்டது. பையன் எவரிடமோ இரவல் மட்டை வாங்கி ஆடித் தோற்றான். வீட்டுக்கு வந்து "நல்லாய் விளையாடினேன், அம்மப்பா" என்று சொன்னானாம். திங்கட்கிழமைதான், பையின் அடியில் உடுப்புகளுக்குள் ஒளித்து வைத்திருந்த மட்டை கிழவரின் கண்ணிற் பட்டது.

"தோற்றது பெரிதல்ல. எனக்கு நோகும் என்று மறைத்தானே, அதைத்தான் தாங்க முடியவில்லை" என்றார்.

அவர் செய்தது மடைமை என எவரும் நகைக்க வேண்டாம். 1970களில் உலகின் முன்னணி வீரர்களே இதைத்தான் செய்தனர். யூகோசிலாவியாவின் டிராகுட்டின் சுர்பெக், ஹங்கேரியின் திபோர் கிளம்பார் ஆகியோரின் பெயர்கள் இதனுடன் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. சைக்கிள் சொலூசனைப் பூசினால் அதிலுள்ள கரைப்பான் இறப்பரின் அடியிலுள்ள பஞ்சினுள் ஊறி அதை உப்பச் செய்கிறது. மேலுள்ள இறப்பர் இழுபட்டு விறைக்கிறது. பந்து அம்புபோலப் பாய்கிறது. ஆனால் சில மணி நேரத்தில் கரைப்பான் ஆவியாகிப் பஞ்சு பழையபடி சுருங்கிவிடும். ஆகவேதான் அவர்கள் ஒவ்வொரு போட்டிக்கு முன்னரும் இறப்பரை உரித்து மீண்டும் ஒட்டினார்கள். அன்பரின் மட்டையில் நிகழ்ந்ததும் அதுவே. இரவில் உப்பிய பஞ்சு காலையிற் சுருங்க, ஓரம் கழன்றது. தடிப்பாகப் பூசிய இடத்தில் ஆவி வெளியேற வழியின்றிக் கொப்புளம் எழும்பியது.

அந்த ஆவி சுவாசத்துக்குக் கேடு. சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனம் இத்தகைய கரைப்பான் கலந்த பசைகளை 2008 செப்டம்பர் 1 முதல் தடைசெய்தது. அவ்வாண்டு பெய்ஜிங்கில் நடைபெற்ற ஒலிம்பிக்கே அவற்றுடன் ஆடப்பட்ட கடைசி ஒலிம்பிக். 2005 இல் ஷாங்காயில் உலக வெண்கலம் வென்ற எமது டென்மார்க்கின் மிக்கேல் மேஸ், 2009 இல் ஐரோப்பிய வீரரானது நீர்ப்பசைக் காலத்தில். பழைய பசை போனபின்னும் ஆட்டம் போய்விடவில்லை.

இப்பொழுது கடைகளில் விற்பது இந்த நீர்ப்பசைதான். வெள்ளைப் பால்போல இருக்கும். போத்தலைத் திறந்தால் மெல்லிய அமோனியா மணம் எழும். இறப்பர்த் தோட்டப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு இந்த மணம் புதிதல்ல. மரத்திலிருந்து எடுத்த பால் உறையாதிருக்க அமோனியாதான் சேர்ப்பார்கள். 1876 இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளிலிருந்து இலங்கையில் தொடங்கிய பயிர் அது. அதன் பாலை விடியற்காலையில் வெட்டி எடுத்தவர்களிலே எம்மவர் எத்தனை பேர்! அதே இனத்துப் பாலைத்தான் இன்று ஹோர்சன்சில் சிறு போத்தலில் விலைகொடுத்து வாங்குகிறோம். இது நிற்க.

நானும் அன்பரும் அந்தப் பசையை வாங்கி வந்து முதல்முறை ஒட்டியபோதும் பிழைத்தது. பசை ஈரமாக இருக்கையிலேயே அழுத்திவிட்டோம். கடிதவுறை ஒட்டிப் பழகிய என் புத்தி அது, பழி என்னுடையது. விளையாட்டு மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் முதிய டேனிஷ்காரர் ஒருவர்தான் முறையைக் காட்டித் தந்தார்.

பழைய இறப்பரை ஓரத்திலிருந்து மெதுவாகச் சரித்து உரிக்க வேண்டும். மரச்சிலாம்பு எழுந்தால் உடனே நிறுத்தி மறுபக்கத்திலிருந்து உரிக்கவேண்டும். மரத்தில் எஞ்சிய பழைய பசையை விரலால் உருட்டினால் தோல்போல வந்துவிடும். தண்ணீரோ தின்னரோ வேண்டாம். பின்னர் போத்தலை நன்கு குலுக்கி, பஞ்சின்மேல் ஒரு கோடாக ஊற்றி, சிறு துண்டுப் பஞ்சினால் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்க்கலாகாது; தேய்த்தால் பால் திரைந்து கட்டிகட்டியாகிவிடும், அக்கட்டி ஒவ்வொன்றும் பிறகு ஒரு மேடு. மரத்திலும் அவ்வாறே ஒரு பூச்சு.

அடுத்ததுதான் முக்கியம்: காத்திருத்தல். வெள்ளை நிறம் முற்றாக மறைந்து கண்ணாடிபோலத் தெளியும்வரை இரண்டையும் தனித்தனியே காயவிட வேண்டும். கால்மணி நேரம், இருபது நிமிடம். ஈரலிப்பான நாளில் இன்னும் கூட. அவசரப்பட்டு வெப்பமூட்டியின்மேல் வைக்கக்கூடாது. ஈரத்தோடு அழுத்தினால் நீர் வெளியேற வழியில்லை. காய்ந்த இரு படைகள் சந்தித்தால் தொட்டவுடன் பற்றிக்கொள்ளும்.

இதை டேனிஷ்காரர் சொல்லி முடித்ததும் அன்பர் சிரித்துவிட்டார். "ரியூப்பிலும் இதுதானே! சொலூசனைப் பூசி, ஊதி, காயவிட்டல்லவா ஒட்டுத்துண்டை வைப்போம். எனக்குத் தெரிந்ததையே மறந்துவிட்டேன்" என்றார்.

பின்னர், இறப்பரில் உற்பத்தியாளரின் பெயரும் சம்மேளன அடையாளமும் பொறித்த விளிம்பைக் கைபிடியோடு சரியாகப் பொருத்தி (நடுவர் அதைப் பார்ப்பார்), அங்கிருந்து நுனிவரை ஒரு போத்தலை உருட்டிக்கொண்டே படியவிட வேண்டும். இழுத்து ஒட்டக்கூடாது. இழுபட்ட இறப்பர் தன் அளவுக்குச் சுருங்கும்போது ஓரம் முதலில் எழும்பும். மேலே ஒரு நேரான பலகையை வைத்து அதன்மேல் ஐந்து கிலோ அரிசிப் பையை ஏற்றி, இரவு முழுதும் விடுங்கள். பலகையின்றி அரிசிப் பையை மட்டும் வைத்தால் பஞ்சு பள்ளம் விழும். காலையில் மட்டையைக் கவிழ்த்து, கூரிய கத்தியால் மர விளிம்பை ஒட்டி வெட்டுங்கள். எல்லாம் சேர்ந்து, பசை உட்பட, நாலு மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது என்பது விதி. ஆகவே பூச்சை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள்.

பின்னொரு நாள் ஓரம் சிறிது எழும்பினால் முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. எழும்பிய இடத்துக்குள் தூரிகையால் பசை தடவி, தெளியும்வரை திறந்து வைத்து, அழுத்தினால் போதும். நொடியில் இறுகும் பசையை மாத்திரம் தொடவேண்டாம். அது கல்லாகும், அடுத்தமுறை உரிக்கும்போது மரத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். இறப்பர் ஒன்றே 300, 400 குரோணர் விற்கும் நாட்டில் மரமும் போனால் யார் தாங்குவது?

மறுகிழமை வெள்ளி இரவு அவர்கள் வீட்டுச் சமையலறையில் நானும் இருந்தேன். யன்னல் ஓர் அங்குலம் திறந்திருந்தது. பேரன் பசையைப் பூசினான். அம்மப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது நிமிடத்தில் பொறுமையிழந்து கையை நீட்டியவர் அவர்தான். "இன்னும் வெள்ளை தெரியுது, அம்மப்பா" என்று பையன் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மேசையில் வைத்தான்.