சும்மா கிடக்கிற காணி

போன செமஸ்டரில் புவியியல் பாடத்துக்கு ஒரு அசைன்மன்ட் தந்தார்கள். உலகத்தில் ஏதாவது ஒரு இடத்தை எடுத்து, அங்கே மேய்ச்சல் தரையையோ வயலையோ நகரமாக்குவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று எழுத வேண்டும். கூட்டாளிமார் எல்லாரும் துபாய், சிங்கப்பூர் என்று பாய்ந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சினது கலிபோர்னியாவில் உள்ள சொலானோ கவுண்டி. அதுவரைக்கும் பெயரே கேள்விப்படாத இடம். அசைன்மன்டும் குடுத்து, புள்ளியும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கதை மட்டும் மண்டைக்குள் நின்றுகொண்டே இருக்கிறது. அதால்தான் இதை எழுதுகிறேன்.

கவுண்டி என்றால் ஏறக்குறைய எங்கட மாவட்டம் மாதிரி. ஆனால் அரசாங்க அதிபர் என்று மேலிருந்து ஒருவரைப் போடுவதில்லை. மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிற ஐந்து பேர் கொண்ட மேற்பார்வையாளர் சபைதான் அதை நடத்துகிறது. சொலானோ இருப்பது சான் பிரான்சிஸ்கோவுக்கும் சாக்ரமென்டோவுக்கும் நடுவில். நாலரை இலட்சம் சனம், ஏழு நகரங்கள். சனம் பெரும்பாலும் அந்த ஏழுக்குள்தான். கிழக்குப் பக்கம் போனால் செம்மறியாடு மேய்கிற புல்வெளி, மழையை நம்பி விதைக்கிற தானியம், காற்றாலை.

2018 தொடக்கம் பிளனரி அசோசியேற்ஸ் என்று ஒரு கம்பனி அந்தக் கிழக்குப் பக்கக் காணியை வாங்கத் தொடங்கியது. சந்தை விலையை விடப் பல மடங்கு குடுத்து வாங்கினார்கள். கம்பனிக்குப் பின்னால் ஆர் நிற்கிறார்கள் என்று ஐந்து வருடமாக ஊருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பது ட்ராவிஸ் விமானப்படைத் தளம். வாங்கிய காணி அந்தத் தளத்தை மூன்று பக்கமும் சூழ்ந்தபோது, வெளிநாட்டு அரசாங்கம் ஏதாவது செய்கிறதோ என்று வாஷிங்டன் வரைக்கும் பயந்து விசாரித்தார்கள். 2023 ஓகஸ்ட்டில் நியூயோர்க் டைம்ஸ் ஆட்களைக் கண்டுபிடித்து எழுதியது. முன்னாள் கோல்ட்மன் சாக்ஸ் வர்த்தகர் ஜான் ஸ்ராமெக் தலைமையில், மைக்கல் மொரிட்ஸ், ரீட் ஹொஃப்மன், மார்க் அன்ட்ரீசன், லோரீன் பவல் ஜொப்ஸ் போன்ற சிலிக்கன் வலிப் பணக்காரர்கள். திட்டத்தின் பெயர் கலிபோர்னியா ஃபோரெவர். அங்கே புதிதாக ஒரு நகரம் கட்டப்போகிறார்களாம். இறுதியில் நாலு இலட்சம் பேர் வரைக்கும் குடியிருக்கலாமாம்.

மொத்தமாக வாங்கினது 60,000 ஏக்கருக்கு மேல். அதாவது ஏறக்குறைய 240 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகர சபை எல்லை 37 சதுர கிலோமீற்றர்தான். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. இவ்வளவு காசு இருந்தும், இவ்வளவு காணி இருந்தும், அவர்களால் அங்கே ஒரு நகரம் கட்ட ஏலாது. காரணம் 1984இல் சொலானோ மக்கள் வாக்குப் போட்டுக் கொண்டுவந்த ஒரு விதி. வளர்ச்சி எல்லாம் இருக்கிற நகரங்களுக்குள் நடக்கட்டும், வெளியே விவசாயத்துக்கு ஒதுக்கின காணியை வேறு தேவைக்கு மாற்றுவது என்றால் எங்களிடம் கேள் என்பதுதான் அதன் சாரம். 2008இல் திரும்ப வாக்குப் போட்டு 2028 வரைக்கும் நீட்டினார்கள். அப்படிப் பார்த்தால் காணி உறுதி உன்னுடைய பெயரில் இருக்கலாம், ஆனால் அந்தக் காணி என்னவாக மாறலாம் என்பது உன்னுடைய தனிச் சொத்து இல்லை.

கம்பனி என்ன செய்தது? 2024 ஜனவரியில் மக்கள் வாக்கெடுப்புக்கு ஒரு திட்டம் வைத்தது. 17,500 ஏக்கர் வரையில் நகரம், நல்ல சம்பளத்தில் 15,000 வேலை, வீடு வாங்க முற்பணத்துக்கு 400 மில்லியன் டொலர் உதவி. கையொப்பம் சேர்த்து, நவம்பர் வாக்குச்சீட்டில் இடமும் பிடித்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நல்ல ஜனநாயகம்தானே, மக்களிடமே கேட்கிறார்களே என்று நானும் முதலில் நினைத்தேன். இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கலிபோர்னியாவில் பெரிய கட்டுமானம் எதுவென்றாலும் சபை அனுமதி குடுக்க முதல் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை வேண்டும். தண்ணி எங்கேயிருந்து வரும், றோட்டு தாங்குமா, எந்த உயிரினம் அழியும் என்று எல்லாவற்றையும் எழுதி, சனத்துக்குக் காட்டி, சனம் கேட்கிற கேள்விக்குப் பதிலும் எழுத வேண்டும். ஆனால் கையொப்பம் சேர்த்து வாக்கெடுப்புக்கு வைக்கிற திட்டத்துக்கு அந்த அறிக்கை முதலில் தேவையில்லை. முதலில் ஓம் சொல்லுங்கோ, விளக்கம் பிறகு தாறம் என்ற கணக்கு. கல்யாணத்துக்கு நாள் வைத்த பிறகு மாப்பிள்ளையின் பெயரைக் கேட்கிற மாதிரி.

கவுண்டி சும்மா இருக்கவில்லை. தானே ஒரு ஆய்வைச் செய்வித்து 2024 ஜூலையில் வெளியிட்டது. றோட்டு, பள்ளிக்கூடம், தண்ணி என்று அடிப்படை வசதிக்கே பல பில்லியன் டொலர் வேண்டும், கவுண்டியின் வரவுசெலவிலும் துண்டு விழும் என்று அது சொன்னது. மேற்பார்வையாளர் சபை அதைப் பற்றிப் பேச இருந்ததற்கு முதல்நாள், ஜூலை 22, கம்பனி வாக்கெடுப்பை மீளப்பெற்றது. முதலில் அறிக்கை, பிறகு அனுமதி என்ற வழமையான வரிசைக்கே போவோம் என்று கூட்டாக அறிவித்தார்கள்.

எல்லாரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகக்கூடிய முடிவு இது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1984 விதி நகர எல்லைக்கு வெளியே உள்ள காணிக்குத்தான். அப்போ எல்லையையே நகர்த்தினால்? 2025இல் பக்கத்தில் இருக்கிற சின்ன நகரமான சுயிசுன் சிட்டி, வரவுசெலவில் தட்டுப்பாடு உள்ள நகரம், அந்தக் காணியைத் தன்னோடு இணைக்கும் வேலையைக் கையில் எடுத்தது. இணைத்துவிட்டால் கவுண்டி முழுக்க வாக்குக் கேட்கத் தேவையில்லை. எல்லைகளைத் தீர்மானிக்கிற ஆணைக்குழு சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். நாலரை இலட்சம் பேரிடம் கேட்க வேண்டிய கேள்வி, முப்பதாயிரம் பேர்கூட இல்லாத ஒரு நகரத்தின் சபைக்குள் சுருங்கிப்போகிறது.

இதிலே மற்றப் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் வீட்டு விலை சாதாரண சனத்துக்குக் கிட்டவும் போக ஏலாத அளவில் இருக்கிறது. சொலானோவில் இருந்து விடிய முதல் எழும்பி, நெடுஞ்சாலையில் மணித்தியாலக் கணக்கில் இருந்து வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே வீடு கட்டப் போனாலும், ஏற்கனவே வீடு உள்ளவர்கள் எங்கட ஊரில் வேண்டாம் என்று சட்டத்தைக் காட்டி மறிப்பது அங்கே பெரிய வியாதி. அனுமதி கேட்பது என்ற ஏற்பாடே சில நேரம் இருக்கிறவன் இல்லாதவனுக்குக் கதவைச் சாத்துகிற கருவியாகிவிடும். அந்தப் பக்கம் மண்ணும் முதல்தரம் இல்லை, ஆடு மேய்க்கத்தான் சரி என்று கம்பனி சொல்வதும் முழுப் பொய் இல்லை. ஆகவே ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை.

என்னுடைய பிரச்சினை வேற. வீடு தேவை என்பது உண்மையான காரணம் என்றால், அதை 2018இலேயே வெளிச்சத்தில் வந்து சொல்லியிருக்கலாம். காணியை இரகசியமாக வாங்கி முடித்து, விலை கூட்டச் சதி செய்தார்கள் என்று காணிக்காரர்கள் மீதே 510 மில்லியன் டொலர் நட்டஈடு கேட்டு 2023இல் வழக்கும் போட்டுவிட்டு, பிறகு வந்து நாங்கள் உங்கட அயலவர்கள் என்றால் ஆர் நம்புவார்கள்? பரம்பரையாக ஆடு வளர்த்த குடும்பம் விற்க மாட்டேன் என்று சொன்னதும், விற்பதற்கு முதல் பக்கத்து வீட்டோடு கதைத்ததும் குற்றமா?

எங்கட அம்மப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். மட்டக்களப்பில் மாட்டுப்பட்டி வைத்திருந்த மனிசன். "அந்தக் காணி சும்மாதானே கிடந்ததாம்" என்று நான் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "மாடு மேயுற காணி சும்மா கிடக்கெண்டு ஆரு புள்ள சொன்ன? மாடு நிக்கிற நேரம் வந்து பாக்கச் சொல்லு."

அவருக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கட மாவட்டத்தில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்துக்கு இருந்ததை வாசித்திருப்பீர்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சொலானோவில் ஆட்டுக்காரருக்கு உறுதி இருக்கிறது, விற்றால் மில்லியன் கணக்கில் காசும் வரும். இங்கே பட்டிக்காரருக்கு இருப்பது தலைமுறைப் பழக்கம் மட்டும்தான். காணி அரச காணி, தீர்மானம் எங்கேயோ ஒரு அதிகாரசபையில். ஆனால் இரண்டு இடத்திலும் முதலில் வருகிற வசனம் ஒன்றுதான்: காணி சும்மா கிடக்கிறது.

அதற்குப் பிறகு வருகிற கேள்வியிலேதான் வித்தியாசம். சொலானோக்காரனுக்கு 40 வருடத்துக்கு முதலே எழுதி வைத்த ஒரு விதி இருக்கிறது. ஓட்டைகள் இருக்கலாம், ஆனாலும் பணக்காரக் கம்பனி ஒன்று அதைச் சுற்றிப்போக வருடக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கிறது. எங்களிடம்? 2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல், மக்கள் தெரிவு செய்த ஒரு உறுப்பினர்கூட அந்தக் கதிரைகளில் இல்லை. செயலாளர்மார்தான் நடத்தினார்கள். அந்த இடைவெளியில் ஒரு மேய்ச்சல் தரைக்கு வேலி விழுந்திருந்தால் ஆரிடம் போய்க் கேட்டிருப்போம்?

இப்போ சபைகள் திரும்ப வந்துவிட்டன. எங்கட வயதுக்காரர் சிலரும் உறுப்பினராக வந்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது பெரிய விசயம் ஒன்றும் இல்லை. உங்கட எல்லைக்குள் எது மேய்ச்சல் தரை, எது குளம், எது வயல், யார் எந்த மாதத்தில் பாவிக்கிறார்கள் என்று ஒரு வரைபடம் கீறுங்கள். அதைச் சபைச் சுவரில் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டுங்கள். காணி அதிகாரம் உங்களிடம் இல்லை என்று தெரியும். ஆனால் நாளைக்கு ஆராவது வந்து சும்மா கிடக்கிறது என்று சொன்னால் எடுத்துக் காட்ட ஒரு கடுதாசியாவது இருக்கும். கீறுவதற்கு ஆள் வேண்டும் என்றால் எங்கட பற்ச்சில் புவியியல் படிக்கிற ஆட்கள் இருக்கிறோம். அம்மப்பா இருக்கும்வரை எங்கட ஊர்ப் பக்கத்துக்கு வழிகாட்டவும் ஆள் இருக்கிறது. அவருக்கு இப்போ எண்பது தாண்டிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.