காடு விடும் மூச்சு

மரங்கள் பகலிலே கரியமிலவாயுவை உட்கொண்டு உணவு சமைக்கின்றன என்பதும், இரவும் பகலும் சுவாசித்து அவ்வாயுவையே வெளிவிடுகின்றன என்பதும் நம் மாணவ நேயர்கள் பாடசாலையிலே கற்றவையே. (பாடநூல்கள் இன்று அதனைக் காபனீரொட்சைட்டு என்னும், பழகிய பெயரே நமக்கு இருக்கட்டும்.) ஓர் இலையைக் குடுவையுள் இட்டு இதனைப் பரீட்சித்தலும் எளிது. ஆயின் பல்லாயிரம் மரங்களும், அவற்றின்கீழ் உக்கிக் கிடக்கும் சருகும், மண்ணில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் சேர்ந்த ஒரு முழுக் காட்டின் வரவென்ன, செலவென்ன என்று கணக்கெடுப்பது எங்ஙனம்? காட்டைக் குடுவையுள் அடைக்க இயலுமா?

இவ்வினா விளையாட்டாய் எழுந்ததன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரித்தும் காடழித்தும் மனிதர் ஆண்டுதோறும் வெளியேற்றும் கரியமிலவாயுவில் ஏறக்குறையப் பாதியே வளிமண்டலத்தில் தங்குகின்றது. எஞ்சியதைக் கடலும், நிலத்துத் தாவரங்களும் மண்ணும் ஏற்றுக்கொள்கின்றன. நாம் கேளாமலே கிடைக்கும் இவ்வுபகாரம் எத்துணைக் காலம் நீடிக்கும் என்பதை அறியாது, வருங்காலக் காலநிலைபற்றி எவரும் உறுதியாய்ப் பேசவியலாது.

விஞ்ஞானிகள் கண்ட வழி இது. மரவுச்சிக்கும் மேலே உயர்ந்த ஒரு கோபுரத்தில் இரு கருவிகளைப் பொருத்துவர். ஒன்று, எதிரெதிராக நிற்கும் சிறு முனைகளுக்கிடையே ஒலி செல்லும் நேரம் காற்றினாற் கூடிக் குறைவதைக் கொண்டு, காற்று மேலெழுகின்றதா கீழிறங்குகின்றதா என்பதையும் அதன் வேகத்தையும் காட்டும். மற்றையது, செங்கீழ்க் கதிர்கள் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதைக் கொண்டு கரியமிலவாயுவையும் நீராவியையும் அளக்கும். செக்கனுக்குப் பத்து, இருபது முறை இவ்வளவீடு நிகழும். காற்று ஆற்றுநீர்போலச் சுழித்துச் சுழித்தே செல்வது. கீழிறங்கும் சுழியில் வாயு மிகுந்தும், மேலெழும் சுழியிற் குறைந்தும் இருப்பின், அவ்வித்தியாசத்தைக் காடு உண்டுவிட்டது என்பது தெளிவன்றோ? அரைமணி நேரச் சுழிகளையெல்லாம் சேர்த்துக் கணித்தால் காட்டின் மூச்சு எண்ணாகி வந்து நிற்கும். 1951 ஆம் ஆண்டிலேயே சுவின்பாங்க் என்பார் அவுஸ்திரேலியாவிலிருந்து, இம்முறையால் வெப்பத்தையும் நீராவியையும் அளத்தல்பற்றி எழுதியுள்ளார். இன்று உலகெங்கும் இத்தகைய கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் உள.

ஆயினும் கோபுரம் தன்னைச் சூழ்ந்த சிறு பரப்பையே அறியும்; அதுவும் நடந்ததையே சொல்லும். கண்டம் முழுவதையும் நாளைய நிலையையும் அறிய வேண்டின், வெயில், மழை, மண், இலை ஆகியவற்றின் தொடர்புகளைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் இயக்கும் மாதிரியுரு வேண்டும். மாதிரியுரு ஆரூடம் கூறும். கோபுரம் அதனை மெய்யோ பொய்யோ என்று சோதிக்கும். இச்சோதனை எத்துணை அவசியமானது என்பதற்குப் பிறேசில் நாட்டின் சந்தாரெம் நகருக்கு அண்மையிலுள்ள தபஜோஸ் காட்டின் கதையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

அமேசன் படுகையிலுள்ள அக்காட்டிலே ஏறக்குறைய யூலை நடுப்பகுதி முதல் டிசெம்பர் நடுப்பகுதிவரை வறண்ட காலம். மழையில்லாக் காலத்தில் மரங்கள் வாடும், காடு காபனை இழக்கும்; மழைக்காலத்திலே ஈட்டும் என்றே மாதிரியுருக்கள் கூறின. யாரும் இயல்பாய் நினைக்கக்கூடியதும் அதுவே. மூத்த காட்டில் ஈரிடங்களில் மூன்றாண்டுகள் அளந்து 2003 இல் வெளியிட்ட முடிவோ நேர்மாறாக இருந்தது. காடு மழைக்காலத்தில் இழந்தது. வறண்ட காலத்தில் ஈட்டியது! இத்தனைக்கும் அடிமரங்கள் பருத்தது மழைக்காலத்திலேதான்.

காரணம் மரத்தில் மட்டுமன்று, தரையிலும் இருந்தது. விழுந்த மரமும் சருகும் ஈரத்தில் விரைந்து உக்கும். காய்ந்தால் நுண்ணுயிர்களின் வேலை தளரும். ஆகவே செலவு சுருங்கும். மரங்களோ வாடவில்லை. கிழக்கு அமேசனிலே 8 மீற்றருக்கும் ஆழத்திலிருந்து வேர்கள் நீர் பெறுவதை 1994 இலேயே எடுத்துக்காட்டியிருந்தனர். அடியில் நீரும், மேலே முகில் குறைந்த வானின் ஒளியும், புதிதாய்த் துளிர்த்த இலையும் கூடிய வேளை அது. ஆழங்குறைந்த மண்ணைக் கற்பனை செய்த மாதிரியுருக்களுக்கு இது தெரிய வழியில்லை.

கோபுரத்தையும் கண்மூடி நம்பலாகாது. காற்றசையா இரவுகளிலே காடு விட்ட மூச்சு உச்சியை எட்டாது, மரங்களினடியிலே தேங்கும். சரிவு வழியே வழிந்தும் விடும். வரவை எழுதிச் செலவை மறந்த கணக்கப்பிள்ளைபோலக் கருவி காட்டைச் செல்வந்தனாக்கிவிடும். அத்தகைய இரவுகளை விலக்கி, காற்று வீசிய இரவுகளைக் கொண்டு நிரப்பியபோதே, தபஜோஸ் காடு ஹெக்டேயருக்கு ஆண்டுக்குச் சராசரி 1.3 தொன் காபனை இழந்தமை புலனாயிற்று. மரங்களின் சுற்றளவையும் வீழ்ந்துகிடந்த மரங்களையும் அளந்த கணக்கும் அதனையே ஆமோதித்தது. அண்மையில் நேர்ந்த ஏதோ ஒரு சேதத்தில் மடிந்த மரங்கள் உக்கியதன் விளைவு அது. அமேசன் முழுவதும் நட்டமடைகின்றதென்று அதற்குப் பொருளன்று.

அடிமண்ணின் நீர் எத்தனை வறட்சிக்குத் தாங்கும்? அதே தபஜோஸ் காட்டிலே ஒரு துண்டு நிலத்தில், இலைகளின் ஊடே சொரியும் மழையின் ஒரு பகுதியை மண்ணில் விழவிடாது தகடுகளால் மறித்துப் பார்த்தனர். மூன்றாண்டுகளுக்கு மேல் இவ்வாறு மறித்ததன் பயனாக, மரங்கள் மடியும் வீதம் மொத்தத்தில் 38 சதவீதம் உயர்ந்தது. 30 சென்ரிமீற்றருக்கு மேல் விட்டங்கொண்ட பெருமரங்களிலோ அது 4.5 மடங்காயிற்று.