ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம்

போன வாரம் என் கைக்கு மறுபடியும் ஒரு கார் சாவி வந்து சேர்ந்தது. எங்கள் மாடிவீட்டுத் தம்பதி ஆறு மாதத்துக்கு டொராண்டோ போகிறார்கள், மகளுக்குப் பிரசவம். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்டாப் போதும்" என்றார் அந்த அம்மாள். அதே வாசகம்! எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த வாசகத்தை முன்பு என்னிடம் சொன்னவர், தில்லி மயூர் விஹாரில் எங்கள் கீழ்வீட்டில் இருந்த தமிழர். மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அப்போது வயது 74. 2020 பிப்ரவரியில் மகனைப் பார்க்க மனைவியுடன் அமெரிக்கா போனார். இரண்டே மாதத்தில் திரும்புவதாக ஏற்பாடு. மார்ச்சில் விமானங்கள் நின்றன, ஊரடங்கு வந்தது. அவர்கள் திரும்பியது 2021 ஜனவரியில். அதுவரை அவருடைய 2011 மாடல் பெட்ரோல் கார் கராஜில், சாவி என்னிடம்.

சொன்ன வேலையைச் சிரத்தையாகச் செய்தேன். ஞாயிறு காலை ஷட்டரை உயர்த்தி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, பூட்டிவிட்டு வந்து காபி குடிப்பேன். பரோபகாரம் செய்த திருப்தி வேறு. ஆகஸ்டில் ஒரு நாள் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பாட்டரிதானே, அவர் வந்து மாற்றிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரியில் மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலிக் குடும்பம். ஒயர்கள் கடித்துத் துப்பப்பட்டிருந்தன. ஹாண்ட் பிரேக்கைப் போட்டபடியே விட்டுப் போயிருந்ததால் பின்சக்கர டிரம்மோடு பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருந்தது. சைலன்ஸரைக் கையால் தட்டினார், துரு உதிர்ந்தது. "வாராவாரம் நான் ஓட்டிவிட்டேனே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "தினமும் அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் சுடுவதற்குள் அணைத்தால் சாதம் வேகுமா?" என்று இந்தியில் கேட்டார்.

பிறகு அவர் விளக்கியதை என்னைப் போன்ற தமிழ் எம்.ஏ.க்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். நெடுந்தூரம் ஓடிய வண்டியில் அது ஆவியாக வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சைலன்ஸர் சூடேறாது; தண்ணீர் உள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும். கொஞ்சம் ஈரம் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். பாட்டரி கதையும் இதுதான். ஸ்டார்ட் செய்ய அது ஒரே மூச்சில் கொட்டிக் கொடுக்கிற மின்சாரத்தை, நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடும் எஞ்சின் திருப்பித் தராது. வாராவாரம் கடன் ஏறி ஆகஸ்டில் திவால். ஓட்டினால் சாலையில் அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது என்றார். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து என்பதையும் அன்றுதான் உறைக்கும்படி கேட்டுக்கொண்டேன். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

காரைத் 'தெருவில் நிற்கிறது' என்கிறோம். மாதக்கணக்கானால் அதே கார் 'கிடக்கிறது' ஆகிவிடுகிறது. தமிழ் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது பாருங்கள்! 1983 டிசம்பரில் நாட்டின் முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தியின் கையிலிருந்து வாங்கியவர் தில்லி ஹர்பால் சிங். 2010-ல் அவர் இறந்த பிறகு அந்தக் காரும் வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. நல்லவேளை, கம்பெனியே பிற்பாடு அதைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்தது. எங்கள் கீழ்வீட்டுக் காருக்கு அந்த யோகம் இல்லை. பழுது பார்க்கும் செலவு, விற்றால் கிடைக்கும் விலையை நெருங்கியது. விற்றுவிட்டார். கிருத்திகைதோறும் மனைவியை ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு அழைத்துப் போன வண்டி அது. அதற்கப்புறம் அவர்கள் போனதாகத் தெரியவில்லை. என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆகவே இந்த முறை மாடிவீட்டுக்காரரை உட்காரவைத்துப் பேசினேன். ஆயிலைக் கிளம்பும் முன்பே மாற்றச் சொன்னேன், திரும்பி வந்தல்ல. பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். டாங்கை நிரப்பச் சொன்னேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாங்கில் வெற்றிடம் குறைந்தால் ஈரமும் குறையும். டயரில் வழக்கத்தைவிட ஐந்து பவுண்டு கூடுதல் காற்று, டயரில் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். மாதம் ஒரு முறை நான் இரண்டடி தள்ளிவிடுவேன், பாரம் ஒரே இடத்தில் உட்காராமல் இருக்க. பாட்டரியைக் கழற்றி என் வீட்டில் வைத்து மாதாமாதம் சார்ஜ் செய்வேன். கழற்றும்போது முதலில் நெகட்டிவ். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தைப் பூட்டி வைக்கும். கழுவிக் காயவைத்த காருக்குத் துணி உறையே மேல்.

எலிதான் பெரிய கவலை. சீட்டுக்கடியில் ஒரு பிஸ்கட் துணுக்குகூட இருக்கக் கூடாது. புகைக்குழாயையும் காற்று உள்ளே போகும் வாயையும் கம்பிவலையால் அடைத்து, ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டவேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்ததும் அடைப்பை மறந்து ஸ்டார்ட் செய்வார்கள். புகையிலைத் தூள் போடு, நாப்தலின் உருண்டை போடு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை. வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதில்தான் நம்பிக்கை.

இன்ஷூரன்ஸ் இடையில் முடிகிறதாம். "ஓடாத காருக்கு எதுக்கு?" என்றார். தீயும் திருடனும் கராஜுக்கும் வருவார்கள். தவிர, முடிந்து 90 நாள் தாண்டினால் இத்தனை வருஷம் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும்.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு எழுந்தார். "இவ்வளவுதானே?" என்றார். கராஜுக்குப் போய்ப் பார்த்தேன். ஹாண்ட் பிரேக் இழுத்துவிடப்பட்டிருந்தது. அதை விடுவித்து, கியரில் போட்டுவிட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு செங்கல் கொண்டுவரச் சொன்னேன்.