நனைந்த சாக்கு யார் கணக்கில்?

நாகர்கோவிலுக்கு வெளியே, தென்னந்தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறை. கணவர் மிஷினில் நிற்கிறார். மகன் வண்டியும் கணக்கும் பார்க்கிறான். தரம் பிரிப்பது அம்மா. ஆக்கர் (பழைய சாமான்) கடைகளிலிருந்து வந்த சாக்கைக் கவிழ்த்ததும் அவர் கை ஓடும் வேகத்தைப் பார்க்க வேண்டும். குடமும் வாளியும் ஒரு பக்கம், தண்ணீர் பாட்டில் இன்னொரு பக்கம், பால் கவர் தனி. சந்தேகம் வந்தால் ஒரு துண்டை நறுக்கித் தண்ணீரில் போடுகிறார். பால் கவர் ரகம் மிதக்கும்; பாட்டிலும் பி.வி.சி. பைப்பும் மூழ்கும். அதிலும் தீராவிட்டால் நுனியைக் கொளுத்தி முகர்வார். மெழுகுவர்த்தி வாசம் வந்தால் பாலித்தீன், மூக்கை அரித்தால் பி.வி.சி. பாட்டில் அரைவையில் பி.வி.சி. கொஞ்சம் கலந்தாலும் போச்சு. பாட்டில் உருக 250 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதற்கு வெகு முன்பே பி.வி.சி. கருகி, அமிலப் புகை கக்கி, மொத்தச் சரக்கையும் கெடுத்துவிடும்.

தொழில் எப்படி என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு சாக்கைச் சாய்த்துக் காட்டினார். "பாதி தண்ணி. தண்ணிக்கும் சேத்துத்தான் எட போட்டுக் காசு குடுத்திருக்கோம். இத வச்சு என்ன செய்யதுக்கு?"

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்று நாம் பெருமைப்படுவோம். கன்னிப்பூ, கும்பப்பூ நெல்லுக்கு அது நல்லது. கழுவிய அரைவையை வெயிலில் விரித்துக் காயவைக்கும் குடும்பத்துக்கு அது ஆண்டில் பல மாதம் அடுப்பணைக்கும் சங்கதி. மழையை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் சாக்கில் இருந்த தண்ணீர் மழைத்தண்ணீர் மட்டுமல்ல. மிச்சப் பாலும் சாம்பாரும் மீன் கழுவிய தண்ணீரும் நம் அடுக்களையிலிருந்து போனவை.

பிளாஸ்டிக் ஒழிப்பில் குமரி மாவட்டம் பின்தங்கியதில்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ராஜேந்திர ரத்னூ ஆட்சியராக இருந்தபோதே கடைகளில் கேரி பேக் கேட்டால் முறைத்துப் பார்த்த காலம் ஒன்று இங்கே இருந்தது. மாநிலம் முழுக்க 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல்தான். ஆனால் பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அந்தத் தடையில் விலக்கு உண்டு. மஞ்சப்பையோடு சந்தைக்குப் போனாலும் பால் கவர் இல்லாமல் காலை விடிவதில்லை. தடைக்கு வெளியே நிற்கும் இந்தச் சரக்கைத் திரும்பச் சுற்றுக்குக் கொண்டுவருவது அந்தத் தகரக் கொட்டகைதான். அங்கே போகாதது வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்குக்குப் போகும். அல்லது கால்வாயில் விழுந்து, பழையாற்றில் இறங்கி, மணக்குடியில் கடலைப் பார்க்கும்.

குப்பை என்றதும் நமக்குக் கேரளக் குப்பையோடு எல்லை தாண்டி வரும் களியக்காவிளை லாரி நினைவுக்கு வந்துவிடுகிறது. கோபம் நியாயம்தான். 2024 டிசம்பரில், அங்கிருந்து கொண்டுவந்து நெல்லையில் கொட்டிய மருத்துவக் கழிவைத் திரும்ப எடுத்துப் போகும்படி பசுமைத் தீர்ப்பாயம் கேரளத்துக்கு உத்தரவிட்டது. அதே கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடுவீடாகப் போய், கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை மாதக் கட்டணத்தோடு வாங்கிப் போகிறார்கள். லாரியைத் தடுப்போம், அந்த நல்ல பழக்கத்தைச் சோதனைச் சாவடியில் நிறுத்த வேண்டியதில்லை.

பட்டறைக்காரர்கள் பக்கமும் குறை உண்டு, மறைக்க வேண்டாம். கழுவிய அழுக்குத் தண்ணீரை ஓடையில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விலைபோகாத மிச்சத்தை ராத்திரியில் கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தால் அது பொறாமையல்ல, மூச்சுமுட்டல். ஆனால் புகாரின் பேரில் பட்டறையைப் பூட்டினால் சாக்குகள் எங்கே போகும் என்பதையும் புகார் கொடுத்தவரே யோசிக்க வேண்டும். தனித்தனியாகச் சுத்திகரிப்புத் தொட்டி கட்ட இத்தகைய குடும்பங்களுக்கு வக்கில்லை. நாலைந்து பட்டறை சேர்ந்து கழுவ ஒரு பொதுத் தொட்டி, காயவைக்க ஒரு கூரை வேய்ந்த களம் என்றால் கட்டுப்படியாகும். இடம் கொடுக்க வேண்டியது உள்ளாட்சி. விதியைச் சொல்லி வழிநடத்த வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தண்ணீரை ஒழுங்காக விட வேண்டியது பட்டறைக்காரர்.

சிப்ஸ் உறை போன்ற பல அடுக்குச் சரக்கை வாங்க ஆளில்லை; பெரும்பாலும் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகத்தான் போகிறது. அந்தச் சுமை உறையை விற்ற கம்பெனியுடையது. 2022 பிளாஸ்டிக் கழிவு விதிப்படி அவர்கள் மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தச் சந்தையிலும் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. உண்மையில் அரைக்கிற பல சிறு பட்டறைகளுக்கோ அந்தச் சந்தையில் சேரும் பதிவின் படிவங்களே மலையாகத் தெரிகின்றன. படித்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. ஒரு மாலை உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது துணிக்கொடியில் பால் கவர்கள் கிளிப் மாட்டித் தொங்குகின்றன. பார்க்க அழகாக இல்லை என்று வீட்டில் முணுமுணுப்பு உண்டு. போன வாரம் வந்த ஆக்கர்காரர் பையைத் தூக்கிப் பார்த்து, "காஞ்ச சரக்கா? தனியா கட்டிக்கிடுகேன்" என்றார்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்தக் கூரை வேய்ந்த களத்தைத் தீர்மானமாக வைக்கலாம். ஐப்பசி மழைக்கு அப்போதும் இரண்டு மாதம் இருக்கும்.