பிரஷர் எவ்வளவு என்று கேட்காத மாஸ்டர்



"விடிஞ்சா அடைஞ்சா குலை வெட்டுறேன், குலை தூக்குறேன். சட்டையைப் பிழிஞ்சா ஒரு வாளி வேர்வை வரும். இதுக்கு மேல எனக்கு என்னாத்துக்கு எக்சர்சைஸ்?"

ரத்தக் கொதிப்பைப் பற்றித் தோட்டத்தில் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது. நியாயமான கேள்விதான். நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் அது சரியில்லை என்று 2021-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். கோப்பன்ஹேகனில் ஒரு லட்சத்து நாலாயிரம் பேருக்கு மேல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஓய்வு நேரத்தில் நடந்தவர்களுக்கும் ஓடியாடியவர்களுக்கும் இருதய நோய் குறைந்திருந்தது. பிழைப்புக்காகப் பாரம் தூக்கி உழைத்தவர்களுக்கோ அது கூடியிருந்தது! அவர்கள் சொல்லும் காரணம் நமக்குப் புரியாததல்ல. நடைப்பயிற்சி அரை மணி நேரம்தான். பிறகு உடம்பு ஆறுகிறது. தோட்ட வேலையில் ஆறுவதற்கு நேரம் ஏது? பாரத்தைத் தூக்கிய மூச்சு அடங்குமுன் அடுத்த பாரம் காத்திருக்கிறது. நாள் முழுதும் ரத்த அழுத்தம் ஏறியே நிற்கிறது. ஆகவே உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு.

தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்த நம் பிள்ளைகளின் கதையோ நேர்மாறு. அப்பா அம்மா பால்மரக் காட்டில் மைல் கணக்கில் நடந்தார்கள். மகன் பேக்டரி வாசலில் பன்னிரண்டு மணி நேரம் ஜாகா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், இல்லையென்றால் லோரி ஓட்டுகிறான். 1953-லேயே லண்டன் பஸ் தொழிலாளரை ஆராய்ந்த டாக்டர் மோரிஸ், உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட மாடிப் பஸ்ஸில் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்று கண்டார். ஒரே பஸ், ஒரே கம்பெனி. வித்தியாசம் படிக்கட்டில்தான் இருந்தது.

நம் நாட்டில் 2019-ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்கள் பத்துப் பேரில் மூவருக்கு ரத்தக் கொதிப்பு. அவர்களில் பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிடம் டாக்டர், "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்கிறார். எந்தப் பயிற்சி, எவ்வளவு, யாரிடம் என்று விளக்க அவருக்கு நேரமில்லை. வெளியே இன்னும் நாற்பது பேர் நம்பர் எடுத்துக் காத்திருக்கிறார்கள். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

எனக்கு வேண்டிய தோழர் ஒருவர், வயது ஐம்பத்திரண்டு, கிள்ளானில் ஜாகா வேலை. டாக்டர் சொல்லைத் தட்டாமல் பக்கத்து ஜிம்மில் பணம் கட்டிச் சேர்ந்தார். மாஸ்டர் இருபத்தைந்து வயதுப் பையன். புஜம் இரண்டும் பலாப்பழம் மாதிரி இருக்கும். பிரஷர் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாளே காலால் பளு தள்ளும் இயந்திரத்தில் படுக்கவைத்து, "மூச்சைப் புடிச்சுத் தள்ளுங்க அங்கிள்!" என்றான். "எக்சர்சைஸ் செஞ்சா மாத்திரை தேவையில்லை" என்றும் சொல்லிக் கொடுத்தான். இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தியவர், ஒருநாள் கண் இருட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எடுத்துப் பார்த்தால் 190-க்கு 110. நல்லவேளை, பிழைத்தார்.

மூச்சைப் பிடித்துத் தள்ளினால் என்ன ஆகும்? 1985-ல் கனடாவில் ஐந்து பயில்வான்களின் கை ரத்தக் குழாயில் குழல் செலுத்தி அளந்திருக்கிறார்கள். இரண்டு காலாலும் பளு தள்ளும்போது அவர்களின் ரத்த அழுத்தம் சராசரியாக 320-க்கு 250 வரை ஏறியது. ஒருவருக்கு 480-ஐயும் தாண்டியது! அவர்கள் இளவட்டங்கள், நோய் இல்லாதவர்கள், பழகிய உடம்பு, தாங்கிக்கொண்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 170 காட்டுகிறவர் என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காகப் பளுவே தூக்கக்கூடாது என்று பயமுறுத்தவில்லை. கொதிப்பு கட்டுக்குள் வந்தபின், இலேசான பளுவை, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுத் தூக்கினால் நல்லதே. ஆனால் முதல் மருந்து நடைதான். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். இதை விடாமல் செய்தால் மேல் அளவு 5 முதல் 8 புள்ளி வரை இறங்கும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். சட்டென்று நின்றால் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலை சுற்றும். பத்துமலையின் 272 படிகளையும் விடியற்காலையில் ஓடியே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், நீங்கள் நின்று நின்று ஏறுங்கள்.

கிளம்புமுன் அளந்து பாருங்கள். 180-க்கு 110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். தண்ணீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் நடந்தால் உடம்பு வற்றிப்போகும். சிலருக்குக் கொடுக்கும் அட்டெனோலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பைக் கட்டிப்போடும். அப்படிப்பட்டவரிடம் துடிப்பு 140 வரவேண்டும் என்று மாஸ்டர் விரட்டினால், அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். நெஞ்சில் இறுக்கமோ, கை தாடைக்கு வலியோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 999-க்குப் போன் போடச் சொல்லுங்கள். வெட்கம் பார்க்காதீர்கள்.

இனி மாஸ்டர் விஷயம். உடலியக்கச் சிகிச்சை கொடுக்கும் பிசியோதெரப்பிஸ்டு 2016-ஆம் ஆண்டின் 774-ஆம் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டியவர். ஜிம் மாஸ்டர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே விசாரிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. எங்கே படித்தார், மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர்கொடுக்கும் பயிற்சி பெற்றாரா என்று கேளுங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழைப் படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கூட்டிப் போய்ப் படிக்கச் சொல்லுங்கள். கனடாவில் 1970-களில் வகுத்த ஏழு கேள்விப் படிவம் ஒன்று உண்டு. இருதய நோய் உண்டா, நெஞ்சு வலிக்குமா, மயக்கம் வருமா என்றெல்லாம் கேட்கும். அப்படி எதுவுமே கேட்காமல் காசை மட்டும் எண்ணி வாங்குகிறவரிடம் நிற்காதீர்கள். டப்பாவில் பவுடர் விற்கிறவரிடமும் எச்சரிக்கை. பயிற்சிக்கு முன் குடிக்கச் சொல்லும் பல பவுடர்களில் காப்பிச் சத்து ஏராளம், அதுவே பிரஷரை ஏற்றும். உங்கள் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

நம் தோழர் இப்போது பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேறோர் இடத்தில் விசாரித்தார், நானும் கூடப் போனேன். அங்கே ஒரு பெண்பிள்ளை மாஸ்டர். அவர் முதலில் கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் எடுத்தார், மாத்திரைப் பையைக் கேட்டார். பிறகு, "டாக்டர் கடிதம் கொண்டு வாங்கண்ணே, அப்புறம் சேத்துக்கிறேன்" என்று காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். கிள்ளானிலிருந்து வந்த ரயில் காசு வீணாச்சே என்று தோழர் வழியெல்லாம் முணுமுணுத்தார். மறுவாரம் கடிதத்தோடு போனார். இரண்டு கிலோ பளுவில் தொடங்கியிருக்கிறாராம். அதைத் தூக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வாராம்.